ஏழாம் எண் கிணற்றின் கோடு

வாரத்தில் இரண்டு நாள், செவ்வாயும் சனியும், லில்லி வில்லியனூரில் பஸ் ஏறி, கரிக்கலாம்பாக்கத்தில் மாறி, பாகூரில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து எங்கள் உழவர் மன்றத்துக்கு வருவார். மன்றம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை, எட்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மூலையில் உர மூட்டைகள், இன்னொரு மூலையில் மேசைக்கு அடியில் ஒரு கறுப்புப் பெட்டி. அந்தப் பெட்டிதான் சர்வர். அதைப் பார்த்துக்கொள்வது லில்லியின் வேலை.

பெட்டி நான் கொடுத்தது. துலூஸ் என்ற பிரெஞ்சு நகரத்தில் நான் வேலை பார்க்கும் கம்பெனி கழித்துப்போட்டதை ஏழு வருஷத்துக்கு முன் சூட்கேஸில் துணிகளுக்கு நடுவே வைத்துக் கொண்டுவந்தேன். அதில் ஓடும் ஸ்கிரிப்டுகளும் நான் எழுதியவை. எழுதிய நாளிலிருந்து இது என்றைக்கு நிற்குமோ என்ற பயம் எனக்கு உண்டு. ஊரிலிருந்து போன் வந்தால் முதலில் அம்மாவுக்கு என்னவோ என்று பதறுவேன். இரண்டாவதாகப் பெட்டிக்கு என்னவோ என்று.

பாகூர் ஏரியை விட்டுக் கிழக்கே போகப் போகக் கடல் கிட்டே வரும். கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஏறும். ஐப்பசி மழை பிடிப்பதற்கு முன், புரட்டாசியில்தான் மிகவும் மோசம். சம்பா நடவும் அப்போதுதான். மன்றத்தில் ஒன்பது பேர், ஒன்பது ஆழ்துளைக் கிணறு. ஒவ்வொருவரிடமும் உப்பை அளக்கும் பேனா மாதிரி ஒரு கருவி உண்டு. காலையும் மாலையும் மோட்டார் போட்டு, ஒரு சொம்பில் தண்ணீர் பிடித்து, பேனாவை அதில் முக்கி, வரும் எண்ணைக் கிணற்று எண்ணோடு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். சர்வரோடு கேபிளில் கட்டிப்போட்ட பழைய செல்போன் ஒன்று அதை வாங்கிக்கொள்ளும். ஒரு ஸ்கிரிப்ட் அதைப் பதிவில் ஏற்றிவிட்டுப் போனிலிருந்து அழிக்கும். யாராவது மன்றத்தின் இணையப் பக்கத்தைத் திறந்து ஒரு கிணற்றைக் கேட்டால், இன்னொரு ஸ்கிரிப்ட் அந்த நொடியில் கடைசி முப்பது நாளுக்கு ஒரு கோடு வரைந்து காட்டும். ஊரில் இதற்குப் பெயர் கோடு பார்ப்பது. மூன்று என்ற அளவில் குறுக்கே ஒரு சிவப்புக் கோடு எப்போதும் இருக்கும். அதைத் தாண்டிய தண்ணீர் பாய்ந்தால் நாற்று கருகிவிடும்.

ஏரிக்கரையில் மன்றத்துக்குப் பொதுவாக ஒரு மோட்டார் இருக்கிறது. நல்ல தண்ணீர். நடவு சமயத்தில் ஆளுக்கு இரண்டு நாள் முறை. யாருடைய கிணறு அதிக உப்போ அவருக்கு முதல் முறை என்று பேச்சு. ஆரம்பத்தில் கூட்டத்தன்று பேனா வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். ஒரு வருஷம் ஒருவர் சொம்பில் ஒரு பிடி உப்பைப் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அவர் பெயரை இன்றும் யாரும் சொல்லமாட்டார்கள், சிரிப்பார்கள். அதற்குப் பிறகுதான் ஒரு நாள் எண் செல்லாது, கோடுதான் செல்லும் என்று ஆனது. கோடு இல்லாவிட்டால் பழைய வரிசைப் பட்டியல்.

லில்லி கம்ப்யூட்டர் படித்தவர் இல்லை. பி.காம். ஒரு சர்க்கரை ஆலையின் எடைமேடையில் பதினோரு வருஷம் சீட்டுப் போட்டவர். கரும்பு வண்டி மேடையில் ஏறும், எடை திரையில் வரும், டோக்கன் எண்ணைப் பார்த்துச் சீட்டை அடித்துக் கொடுக்க வேண்டும். ஆலை நின்றது. வீட்டுக்காரர் எழிலரசன் டெம்போ ஓட்டுகிறார்; ஓட்டம் இருந்தால் உண்டு. இரண்டு வருஷம் மாதா கோயில் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்துவிட்டு மன்றத்துக்கு வந்தார். தெரியாததைத் தெரியாது என்பார். தெரிந்ததை நான்கு தரம் பார்த்த பிறகு சொல்வார். எனக்கு இது இரண்டும் வராது.

பெட்டியில் நான் செய்துவைத்த ஒரு கோளாறையும் அவர்தான் சுமந்தார். நிறுவும்போது மொழியைப் பிரெஞ்சிலேயே விட்டுவிட்டேன். தமிழும் பிரெஞ்சுமாகப் படித்து வளர்ந்தவனுக்கு அது உறுத்தவில்லை. பிழை வந்தால் லில்லி அந்த வரியை எழுத்தெழுத்தாகப் போனில் படிப்பார், நான் அர்த்தம் சொல்வேன். ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் நாளும் நேரமும் நீளமாக இருக்கும். அது வேண்டாம், பின்னால் இருப்பதை மட்டும் படியுங்கள் என்று முதல் வருஷமே சொல்லிவைத்திருந்தேன்.

போன வருஷம் ஆயுத பூஜை புதன்கிழமை வந்தது. சனிக்கிழமை லில்லி மன்றத்துக்குள் நுழைந்தபோது சிங்காரவேலு ஏற்கெனவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் கிணறு ஏழாம் எண். கடலுக்குக் கிட்டே மூன்று ஏக்கர். நாற்றங்காலில் அவருடைய நாற்றுக்கு அன்று இருபத்தேழு நாள். ஒரு வாரத்துக்குள் பிடுங்கி நட்டாக வேண்டும். பழைய பட்டியலில் அவர் எட்டாவது ஆள். அதன்படி போனால் அவர் முறை வருவதற்குள் நாற்று முற்றி வீணாகும். கூட்டம் மறுநாள் காலை பத்து மணிக்கு. இதெல்லாம் லில்லிக்கும் தெரியும் என்பதால் அவர் சுருக்கமாகவே சொன்னார்.

“வியாழக்கெழமலேர்ந்து கோடு வரல லில்லி. லீவு போட்டிருக்குதுன்னு நெனச்சன்.”

லில்லி வருஷா வருஷம் செய்வதுபோல் பெட்டி மேலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத் துணியால் துடைத்துவிட்டு, மேசைமேல் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரில் பக்கத்தைத் திறந்து ஏழைத் தட்டினார். கட்டம் வந்தது. சிவப்புக் கோடு வந்தது. கிணற்றின் கோடு வரவில்லை. ஒன்று முதல் ஒன்பது வரை தட்டிப் பார்த்தார். ஒன்பதும் வெறும் கட்டம்.

மதியம் ஒரு மணிக்கு எனக்குப் போன் செய்தார். துலூஸில் காலை ஒன்பதரை. நான் துணி துவைக்கப் போட்டுவிட்டு மெஷின் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். விஷயத்தைச் சொன்னார். டிஸ்க் நிரம்பியிருக்கும் என்றேன். பார்த்தார், பாதிக்கு மேல் காலி. படத்தை எழுதிவைக்கும் இடத்துக்கு அனுமதி போயிருக்கும் என்றேன். பார்த்தார், சரியாக இருந்தது. எழுத்துரு, நினைவகம், வரையும் நிரல், ஒவ்வொன்றாக அவரைத் துரத்தினேன். வரையும் ஸ்கிரிப்டின் பிழைப் பதிவைத் திறக்கச் சொன்னேன். அதில் ஒரு வரியும் இல்லை. பிழையே இல்லை என்பதுதான் என்னை அதிகம் கலக்கியது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக நிறுவலாமா என்றுகூட வாய்விட்டேன்.

அப்போதுதான் அவர் குறுக்கே பேசினார்.

“கட்டம் வருதுண்ணா. செவப்புக் கோடு வருது. வரையற ஆளு ஒழுங்கா வேலைக்கு வந்துட்டாரு. அவருக்கு யாரும் சரக்கு குடுக்கல, அதான் சும்மா நிக்கிறாரு.”

எடைமேடையில் சீட்டு வெறுமையாக வந்தால் பிரிண்டரைத் தட்டுவதில்லை, முதலில் மேடையில் வண்டி நிற்கிறதா என்று எட்டிப் பார்ப்போம் என்றார். நான் கேட்காத ஒரு பதிவை, எஸ்.எம்.எஸ். வாங்கும் ஸ்கிரிப்டின் பதிவை, அவராகவே திறந்தார். திரை முழுக்க ஒரே பிரெஞ்சு வாக்கியம், மேலிருந்து கீழ்வரை. படியுங்கள் என்றேன். இந்தத் தடவை முன்பாதியையும் சேர்த்தே படித்தார். அதுதான் வரிக்கு வரி மாறிக்கொண்டிருக்கிறது, மீதி எல்லாம் ஒரே மாதிரி என்றார்.

“ஜே ஏ என் வி, புள்ளி. ஜனவரிதானே அது?”

“ஆமாம்.”

“ஜனவரி மூணு, ரெண்டாயிரத்துப் பன்னெண்டு. இன்னாண்ணா இது?”

அந்த வாக்கியத்தின் அர்த்தம், தரப்பட்ட நேரம் கடைசியாகப் பதிந்த நேரத்துக்கு முந்தியது, ஏற்க முடியாது என்பது. பெட்டி தன்னை 2012-இல் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தது. எந்த எண் வந்தாலும் பழைய தேதி என்று தள்ளிவிட்டது. கோடு கேட்டவர்களுக்கு 2011 டிசம்பரிலிருந்து 2012 ஜனவரி வரை வரைந்து காட்டியது. அப்போது எங்களிடம் கிணற்றுக் கணக்கே கிடையாது. கட்டத்தின் அடியில் வருஷத்தைக் காட்டியிருந்தால் சிங்காரவேலுவே வியாழக்கிழமை கண்டுபிடித்திருப்பார். இடம் போதாது என்று தேதியை மட்டும் போட்டு, மாதத்தையும் வருஷத்தையும் வெட்டியவன் நான்தான்.

இப்படிப்பட்ட பெட்டிக்குள் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று இருக்கும். கரண்ட் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அது. அது செத்துவிட்டால், பிளக்கைப் பிடுங்கியதும் பெட்டி தன் ஆதி தேதிக்குப் போய்விடும். ஆனால் எங்கள் பெட்டி யு.பி.எஸ்.ஸில் இருக்கிறது, ஏழு வருஷமாக நின்றதே இல்லை என்பது என் நம்பிக்கை. லில்லியின் நம்பிக்கையும் அதுதான்.

நாலு மணிக்கு மன்றத் தலைவர் ஆதிமூலம் மறுநாள் கூட்டத்துக்கு நாற்காலி போட வந்தார். அறுபத்தெட்டு வயது, கை சுத்தமான மனிதர். பெட்டியில் யாராவது கை வைத்தார்களா என்று லில்லி கேட்டார். யார் வைக்கப்போகிறார்கள், பூஜை அன்றைக்கு ஒருத்தரும் எந்த வேலையும் செய்யவில்லையே என்றார் அவர். பொய் இல்லை. லில்லி சற்று யோசித்துவிட்டு வேறு மாதிரி கேட்டார். பூஜை எப்படிப் போட்டீர்கள்?

ஆதிமூலத்துக்கு அதைச் சொல்வதில் சந்தோஷம்தான். ஸ்பிரேயர், மோட்டார் ஸ்டார்ட்டர், தராசு, ஒன்பது பேனா, எல்லாவற்றையும் கழுவித் துடைத்து வரிசையாக வைத்தது, பொரி கடலை, பூசணிக்காய் என்று விவரமாகச் சொன்னார். பெட்டிக்குத் தனி மரியாதை. தலைவாழை இலை போட்டு மேசைமேல் நடுவில் வைத்தார்களாம்.

“கீழேர்ந்து மேல எப்டிங்கய்யா வெச்சீங்க?”

“ஒயர கழட்டிட்டுதான். கரண்ட்டோட தூக்க முடியுமா? மறுநா காலைல எடுத்து மாட்டிட்டோம். அதுக்கும் ஒரு நா ஓய்வு வாணாமா? ஏழு வருஷமா இதேதான் பண்றோம்.”

ஏழு வருஷமாக லில்லி பூஜைக்கு வந்ததில்லை. வில்லியனூரில் அன்று அவர் வீட்டில் சாதாரண நாள். வருஷத்துக்கு ஒரு முறை கோட்டில் ஒரு நாள் இடைவெளி விழுவதை அவர் பார்த்திருக்கிறார். பேனாவும் பூஜையில் இருப்பதால் அன்று யாரும் எண் அனுப்புவதில்லை, அதனால் என்று விட்டுவிட்டார். மற்ற வருஷங்களில் பேட்டரி தாங்கியது. இந்த வருஷம் தாங்கவில்லை.

நான் இன்னும் போனை வைக்கவில்லை, எனக்கு எல்லாம் கேட்டது. பூஜை போட்டதால் வந்த வினை என்று அந்தப் பெண் சொல்லிவிடுவாரோ என்று ஆதிமூலம் கூசியிருக்க வேண்டும். சிங்காரவேலு எழுந்து நின்றுவிட்டாராம். லில்லிதான் பேசினார்.

“பூஜைல தப்பு இல்லங்கய்யா. எங்க மாதா கோயில்ல தேர் வரும்போதுகூட தெருவுல கரண்ட்ட நிறுத்தறாங்க. சொல்லிட்டு நிறுத்தறாங்க.”

ஆதிமூலம் சிரித்தது எனக்குக் கேட்டது.

நான் அவசரப்பட்டேன். நேரத்தை மாற்றும் கட்டளையைச் சொல்கிறேன், உடனே அடியுங்கள், முடிந்தது என்றேன். சொன்னேன். அவர் அடிக்கவில்லை. வியாழன் காலையிலிருந்து ஏற்காமல் தள்ளிய எண்கள் இப்போது எங்கே இருக்கின்றன என்று கேட்டார். ஏற்றிய பிறகே அழிக்கும்படி எழுதியிருப்பதால் எல்லாம் செல்போனிலேயே தேங்கியிருக்கும் என்றேன்.

“அப்ப நேரத்த மாத்துனவுடனே அதுங்கல்லாம் எந்தத் தேதில போய் ஏறும்?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் ஸ்கிரிப்ட் எஸ்.எம்.எஸ். வந்த நேரத்தைப் பார்ப்பதில்லை. தான் ஏற்றுகிற நேரத்தைத்தான் போடும். மூன்று நாளின் நாற்பத்தைந்து எண்களும் சனிக்கிழமை நாலரை மணி என்று ஒரே இடத்தில் போய் விழுந்திருக்கும். பதிவோ முன்னால் மட்டும் நகரும், பின்னால் திரும்ப விடாது. ஆலையில் பின்னால் நிற்கும் வண்டியை முந்தி மேடையில் ஏற்றிவிட்டால் முன் டோக்கன்காரர் சீட்டு இல்லாமல் நிற்பார். அந்தச் சண்டையைப் பதினோரு வருஷம் பார்த்தவர் லில்லி. முதலில் செல்போனின் கேபிளைப் பிடுங்கினார். அதற்குப் பிறகுதான் நேரத்தைச் சரி செய்தார்.

செல்போனில் ஒவ்வொரு செய்தியின் மேலும் டவர் போட்ட சரியான நாளும் நேரமும் இருந்தன. அவற்றைப் பார்த்து, வந்த வரிசையிலேயே, ஒவ்வொன்றாகக் கையால் ஏற்ற வேண்டும். படிக்க ஒருவர், அடிக்க ஒருவர். சிங்காரவேலு தான் படிப்பதாக அந்தச் செல்போனை எடுத்தார். லில்லி கையை நீட்டி வாங்கிக்கொண்டார்.

“உங்க கெணறும் இதுல கீதுண்ணே. தலைவரு படிக்கட்டும். நீங்க டீ சொல்லுங்க.”

சிங்காரவேலுவுக்கு முகம் சுருங்கியது. பிறகு டீ சொல்லப் போனார்.

ஆதிமூலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, வேலை தொடங்கும் முன் செல்போனைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, படிக்க ஆரம்பித்தார். வியாழன் காலை ஆறு இருபது, கிணறு நாலு, ஒன்று புள்ளி ஒன்பது. லில்லி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடித்தார். நான் துலூஸில் மெஷின் எப்போதோ நின்றும் ஈரத் துணியை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழாம் எண் வரும்போதெல்லாம் எனக்குக் காது விறைத்தது. வியாழன் காலை இரண்டு புள்ளி மூன்று. மாலை இரண்டு புள்ளி எட்டு. பூஜைக்காக ஒரு நாள் சும்மா இருந்த ஒன்பது மோட்டாரையும் வியாழக்கிழமை எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டிருக்கிறார்கள், உப்பு உள்ளே இழுத்துக்கொண்டது என்று ஆதிமூலம் படிப்பதை நிறுத்திவிட்டு விளக்கினார். வெள்ளி மாலை மூன்று புள்ளி ஒன்று. சனி காலை மூன்று புள்ளி இரண்டு.

நாற்பத்தைந்தும் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது. போனில் தேங்கியதை அழித்துவிட்டு லில்லி கேபிளை மாட்டினார். அன்று மாலை எண்கள் வரத் தொடங்கின, ஏறின. ஏழைத் தட்டினார். கோடு வந்தது. முப்பது நாள் மெல்ல நடந்து வந்து, கடைசியில் நிமிர்ந்து, சிவப்பைத் தாண்டி நின்றது. தன் கிணற்றில் உப்பு ஏறியதைப் பார்த்து ஒரு மனிதர் நிம்மதியாக மூச்சு விட்டதை அன்றுதான் கேட்டேன்.

மறுநாள் ஞாயிறு, லில்லியும் வந்திருந்த கூட்டத்தில் ஒன்பது கோட்டையும் பெரிய திரையில் போட்டார்கள். சிங்காரவேலு வெள்ளைச் சட்டை போட்டு முன் வரிசையில் இருந்தாராம். இரண்டாம் எண்ணைத் திறந்தபோதுதான் யாரும் எதிர்பார்க்காதது வந்தது. அது வள்ளியம்மையின் கிணறு. வீட்டுக்காரர் போன பிறகு தனியாக ஒன்றேகால் ஏக்கர் பார்க்கிறவர். காலையும் மாலையும் தவறாமல் எண் அனுப்புவார். எனக்கு முறை வேண்டும் என்று ஒரு வருஷமும் வாய் திறந்ததில்லை. அவர் கோடு மூன்று புள்ளி ஆறில் நின்றது. சிவப்பை வெள்ளிக்கிழமை காலையே தாண்டியிருந்தது. முந்தின நாள் ஆதிமூலம் அதையும் வாய்விட்டுத்தான் படித்தார், ஏழிலேயே காதை வைத்திருந்த எங்களுக்கு உறைக்கவில்லை.

பழைய பட்டியலில் அவர் கடைசி.

முதல் முறை வள்ளியம்மைக்கு, இரண்டாவது சிங்காரவேலுவுக்கு என்று ஆதிமூலம் சொன்னார். சிங்காரவேலு சும்மா இருக்கவில்லை. ராத்திரி பகலாக இந்தக் கோட்டுக்கு நான் அலைந்தேன், கடைசியில் வேறு ஒருத்தருக்கா என்று முணுமுணுத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் திரும்பி ஒரு தரம் திரையைப் பார்த்துவிட்டு, விரலை மடக்கி எண்ணினார்.

“திங்க, செவ்வா அவங்களுக்கு. எனக்கு பொதன். நாத்துக்கு முப்பத்தொரு நா ஆவும். தாங்கும், வுடுங்க.”

வள்ளியம்மை எழுந்து, தன் நிலம் சின்னது, செவ்வாய் மதியமே முடிந்துவிடும், அதற்கு மேல் தண்ணீரைத் திருப்பிக்கொள்ளலாம் என்றார். அந்த மன்றத்தில் அவர் பேசியதை லில்லி அன்றுதான் முதல் தடவை கேட்டாராம்.

செவ்வாய்க்கிழமை லில்லி வரும்போது வில்லியனூரில் ஒரு வாட்ச் கடையில் பேட்டரி வாங்கி வந்து மாற்றினார். பெட்டி இணையத்திலிருந்து நேரத்தை வாங்கிக்கொள்வதற்கான இரண்டு வரியை நான் சொல்ல, அவர் அடித்தார். மொழியை மாற்றட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இப்போதுதான் படிக்க வருகிறது, எது எதற்கு என்ன அர்த்தம் என்று ஒரு நோட்டில் எழுதிவைக்கிறேன் என்றார். கட்டத்தின் அடியில் மாதமும் வருஷமும் வரும்படி ஸ்கிரிப்டில் எங்கே திருத்துவது என்று மட்டும் கேட்டுக்கொண்டு, என் உதவி இல்லாமல் திருத்தினார். இடம் போதுமானதாகவே இருந்தது.

அன்று மதியம் மூன்று மணிக்கு ஏரிக்கரைத் தண்ணீர் சிங்காரவேலுவின் வாய்க்காலுக்குத் திரும்பியது. புதன் காலை நடவுக்குப் பதினான்கு பேர் இறங்கினார்கள். வியாழன் மதியத்துக்குள் மூன்று ஏக்கரும் முடிந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை நான் ஆபீஸ் போகும் வழியில் டிராமில் நின்றபடி ஏழாம் எண்ணைக் கேட்டேன். கோடு மூன்று புள்ளி நாலில் இருந்தது, இன்னும் ஏறுமுகம்தான். லில்லிக்குப் போன் செய்து, நாற்றுக்கு ஒன்றும் ஆகாதே என்று கேட்டேன். அவர் பக்கத்தில் இருந்த சிங்காரவேலுவிடமே கேட்டுச் சொன்னார். ஏரித் தண்ணீரில் நட்டது வேர் பிடித்துவிட்டதாம். தன் கிணற்றுத் தண்ணீரை மழை வரும்வரை வயலுக்கு விடப்போவதில்லையாம். பச்சை திரும்பிவிட்டது, அண்ணனைப் பயப்படாமல் வேலைக்குப் போகச் சொல் என்றாராம்.